தந்தி வந்தால் வராதே

ஆவடி குவார்ட்டர்ஸ்,
14.10.1988

அன்பு மகள் சாமுண்டீஸ்வரிக்கு அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், அப்பாவும் நன்றாக இருக்கிறார், கடல் தாண்டி அந்தத் தீவில் நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அப்படியே இருக்க அம்மன் துணையிருப்பாள். எப்போதும் எழுதுகிற வரிதானே என்று தாண்டிப் போகாதே, நான் நன்றாக இருக்கிறேன் என்பதை இன்னொரு தடவை படி. இதை அப்பாவுக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டு ஜமீலா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். மற்ற கடிதமெல்லாம் அவர் படித்துப் பார்த்து, அவரே ஒட்டி, ஃபாக்டரிக்குப் போகிற வழியில் போடுகிறவை. அதனால்தான் அவற்றில் மழையும் ரேஷன் சர்க்கரையும் தவிர வேறொன்றும் இருக்காது.

போன ஞாயிறு அப்பாவின் சினேகிதர் கலியமூர்த்தி வந்திருந்தார். அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்குகிறவளுக்குக் காது கிடையாது என்று இரண்டு பேருக்கும் நினைப்பு. உங்க அப்பா சொல்கிறார், அம்மா சீரியஸ்னு ஒரு தந்தி குட்த்தா அடுத்த கப்பல்லயே ஓடியாந்துடுவா, வந்து எறங்கட்டும், பாஸ்போர்ட்ட பீரோவுல வச்சிப் பூட்டிடறேன், அப்பால எங்க போய்டுவா என்று. பூந்தமல்லியில் லாரிப் பட்டறை வைத்திருப்பவர் மகன் பார்த்தசாரதிக்கு உன்னைக் கொடுப்பதாகத் தாம்பூலம் மாற்றியாகிவிட்டதாம், தை மாதம் கல்யாணமாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையனைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அவன் அம்மா இப்போதே, சம்பளம் இல்லாத வேலைக்கி இம்மாந்தூரம் இன்னாத்துக்குப் போவணும், இனிமே ஊட்டோட இருக்கட்டும் என்கிறாளாம்.

எனக்கும் அந்தத் தந்தி வந்தது. உன்னிடம் சொன்னதில்லை. காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலில் தங்கி டீச்சர் ட்ரெயினிங் படித்தேன், முடிக்க நாலு மாதம் பாக்கி. தந்தியைப் பார்த்து பஸ் முழுக்க அழுதுகொண்டு வந்து இறங்கினால் வாசலில் வாழைமரம் கட்டியிருக்கிறது, சாகக் கிடப்பதாகச் சொன்ன என் அம்மா அதிரசத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள். அவள் பிழைத்திருக்கிறாளே என்ற சந்தோஷத்தில் கட்டிக்கொண்டேன் பார், அந்தச் சந்தோஷத்தோடேயே மணையில் உட்கார வைத்துவிட்டார்கள். இருபத்தைந்து வருஷம் ஆகிறது. உங்க அப்பா அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை, ஆனால் இந்த இரண்டு அறைக்குள் எனக்கு மூச்சு முட்டுகிறது, அதை யாரிடம் சொல்ல?

மாதம் ஒரு தடவை கப்பல் வரும் நாளில் உன் பெட்டி கட்டியிருக்கிறதா என்று பிள்ளைகள் வந்து தொட்டுப் பார்ப்பதாக எழுதியிருந்தாயே. முன்னால் இருந்த வாத்தியார் சொல்லாமல் போனவர், அவருக்கப்புறம் ஒரு வருஷம் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது என்றாய். எனக்கு அந்த இருபத்து மூன்று பிள்ளைகள் நினைப்பாகவே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மறைத்தால் நானும் அவர்களைப் போலத்தான். கார்த்திகையில் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். கட்டி இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்கிறார். அப்பாவுக்கு அது வசதியாகப் போயிற்று, தந்தியையும் அப்போதுதான் கொடுக்கப் போகிறார். எனக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் அதே வார்த்தைகள்தான் வரும், நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டாலும் அதே வார்த்தைகள்தான் வரும். அங்கே இருந்துகொண்டு உன்னால் பிரித்துப் பார்க்க முடியாது. யோசித்து யோசித்துப் பார்த்தேன், வேறு வழி தெரியவில்லை. எப்படியிருந்தாலும் நீ வராதே.

உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, ஆபரேஷனுக்குப் போகும்போது நீ பக்கத்தில் இருந்தால் தேவலை என்று இருக்கிறது. அதற்காகவும் வராதே. இந்தக் கடிதம் கிடைத்தது என்று பதிலில் எழுதாதே, அப்பா பிரித்துவிடுவார். கிடைத்ததா இல்லையா என்று தெரியாமலே நான் இருந்துகொள்கிறேன்.

வெயிலில் அலையாதே, தலைக்கு எண்ணெய் வை, தினமும் மீனையே சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. ஆயுசும் ஆரோக்கியமுமாக நீ நன்றாக இருக்க வேண்டும் என் கண்ணே. ஒன்றை மட்டும் மறக்காதே, தந்தி ஆபீஸ் இல்லாத உன் தீவுக்கு ரேடியோவில் தந்தியைப் படித்துச் சொன்னால் உன் மனசு கேட்காது, எனக்குத் தெரியும். அடுத்த கப்பல் வருகிற அன்றைக்குப் பள்ளிக்கூடக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, கப்பல் கிளம்பிப் போகிற வரைக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்து.

உன் அம்மா,
கோ. லோகநாயகி