அவன் போட வேண்டிய மொட்டை

26 மே 2002, ஞாயிறு

அம்மா போய்ப் பதினோரு நாள் ஆகிறது. லண்டனில் படிக்கும் தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை. "பரீச்சைய விட்டுட்டு ஓடியாந்துருவான். முடியட்டும்" என்று அப்பா எல்லார் வாயையும் அடைத்துவிட்டார். எங்கள் வழக்கத்தில் தாய்க்குக் கொள்ளி வைப்பது கடைசி மகன். அவன் இடத்தில் நான் நின்றேன். மொட்டையும் நான்தான் போட்டுக்கொண்டேன்.

இன்று சாயங்காலம் வழக்கம்போல் போன் செய்தான். அப்பா ரிசீவரை என் கையில் திணித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். பொய் சொல்ல மட்டும் நான்.

"அம்மா எங்கண்ணே? போன வாரமும் பேசலையே."

போன வாரம், வடமதுரையில் சித்தி வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருந்தேன். இன்று வாயில் வந்தது பழனி.

"பழனிக்குப் போயிருக்குடா."

"எனக்காகத்தான் போயிருக்கும்" என்று சிரித்தான். "பாஸானா நான் வந்து மொட்டை போடுறேன்னு வேண்டிக்கச் சொல்லுண்ணே. இங்க முடி வெட்டக்கூட நேரமில்ல, அம்புட்டு வளந்து கெடக்கு."

சரிடா என்றேன். என் கை தலையில் இருந்தது. பதினோரு நாள் முடி முள்ளாகக் குத்தியது.

இன்னும் இரண்டு பரீச்சை இருக்கிறதாம். அடுத்த ஞாயிறு அம்மாவை எங்கே அனுப்புவது?