சுகுணா எண்ணச் சொன்ன விரல்கள்

2024 நவம்பர் 12, காரிமங்கலம்

எங்கள் தெருவில் பாஸ்போர்ட் உள்ளவன் நான் ஒருவன்தான். சிங்கப்பூர்ப் பட்டிமன்றத்துக்காக எடுத்தது. என் நகைச்சுவையை வீடியோவில் பார்த்துவிட்டு அவர்கள் அழைப்பை ரத்து செய்துவிட்டார்கள். அந்த பாஸ்போர்ட்தான் இப்போது என்னை ரஷ்யாவுக்குத் தள்ளுகிறது.

என் சிநேகிதன் தீர்த்தகிரி அங்கே கிடங்கில் மூட்டை அடுக்கும் வேலை என்று போனான். புரியாத பாஷையில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டான். பட்டாளம். இப்போது காயம்பட்டு ராணுவ ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். போனில் முகத்தை மட்டும் காட்டுகிறான்.

அவன் மனைவி சுகுணா கேழ்வரகு மாவு கட்டிக் கொடுத்தாள். "அண்ணா, ஊருக்கெல்லாம் செய்தி சொல்ற வாய் உங்களுது. எனக்கு ஒண்ணே ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. பத்து விரலும் இருக்குதான்னு எண்ணிட்டு வாங்க."

நவம்பர் 19, ரஷ்யா

குளிர். மூக்கு இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

நவம்பர் 20

அரூர்ப் பெண் தேன்மொழி, இங்கே மருத்துவம் படிப்பவள், துணைக்கு வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சிப்பாய் என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு தாள் ஒன்றை நீட்டினான். கையெழுத்துப் போடு என்று சைகை. என் கை நகரவில்லை. தீர்த்தகிரியும் இப்படித்தானே—

"பாக்க வந்தவங்க சீட்டுதான் அங்கிள், போடுங்க."

"அடியில பொடியா எதாச்சும் எழுதியிருக்குதா பாரும்மா."

மூன்று தரம் படிக்க வைத்தேன். ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை, தொந்தி; என்னை எந்தப் பட்டாளம் எடுக்கும்? எடுத்தாலும் எடுப்பான்.

ஐந்து நிமிடம்தான் பார்க்கவிட்டார்கள். தீர்த்தகிரி இரண்டு கையையும் பாக்கெட்டிலேயே வைத்திருந்தான். நாளைக்குக் களி கொண்டுவருகிறேன் என்றேன். பாக்கெட்டில் கை வைத்துக்கொண்டு எவன் களி தின்பான்?

நவம்பர் 21

தேன்மொழியின் விடுதியில் களி கிண்டினேன். கட்டி தட்டிவிட்டது. துண்டில் சுற்றி எடுத்துப் போனேன். முகர்ந்து பார்த்ததும் தீர்த்தகிரிக்குக் கண் கலங்கியது. கையை வெளியே எடுத்தான். இடது கை. அதாலேயே பிட்டுத் தின்றான்.

"என்னடா பாக்கற? வலதுல மூணு போச்சு. சுகுணாகிட்ட சொல்லிடாத."

மிச்சக் களியை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"வூட்டுக்கா சண்டைக்கான்னு நாளைக்கு டாக்டருங்க கூடி முடிவு பண்ணுவாங்க. போன வாரம் ரெண்டு விரல் போனவனைத் திரும்ப சண்டைக்கே அனுப்பிட்டாங்க மாப்ள."

வெளியே வந்ததும் தேன்மொழியிடம், "மூணு போதுமாம்மா?" என்று கேட்டேன். என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஊரில் ஒருத்தி பத்தும் இருக்கணும் என்று வேண்டிக்கிட்டு உக்காந்திருக்கா. நான் இங்க நின்னுக்கிட்டு நாலாவதும் போயிருந்தா நல்லதுன்னு— என்ன மனுசன்டா நான்.

நவம்பர் 22

முடிவு தள்ளிப்போய்விட்டது. எப்போது என்று சொல்லவில்லை. என் விசா நாளையோடு சரி. கிளம்பும்போது, "ஒரு ஜோக் சொல்லிட்டுப் போடா" என்றான். ஒன்றுகூட வரவில்லை.

நவம்பர் 26, காரிமங்கலம்

பெட்டியை இறக்குவதற்குள் சுகுணா வந்துவிட்டாள்.

"எண்ணுனீங்களாண்ணா?"

"களி சாப்பிட்டான். துளி மிச்சம் வைக்கல."

"எந்தக் கையில?"

இருபது வருடமாக மைக் கிடைத்தால் விடாதவன், என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் 5

ஒன்பது நாளாக தீர்த்தகிரியின் போன் அணைந்திருக்கிறது. ரஷ்யா எப்படி என்று டீக்கடையில் கேட்கிறார்கள். குளிர் என்று மட்டும் சொல்கிறேன்.

டிசம்பர் 11

இன்றும் போன் இல்லை.

டிசம்பர் 17

சந்தை. பாத்திரக் கடையில் சுகுணா. எவர்சில்வர் ஸ்பூன்களை ஒவ்வொன்றாக இடது கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நிற்பதைக் கவனிக்கவில்லை.

"இன்னும் பெரிசா வேணுங்க. காம்பு தடியா. களி எடுக்கறதுக்கு."

"எத்தனைம்மா?"

"ஒண்ணு போதுங்க. நேத்து போன் வந்துச்சு, ஞாயித்துக்கிழமை வர்றாரு."