கீழ்வீட்டுக்குத் தனி வாசல்

மார்ச் 4

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். அடுத்தவர் வாயைக் கடன் வாங்கிப் பேசுகிறவர்களுக்குப் பசியும் தூக்கமும் ஒழுங்காகவே இருக்கும்.

வெள்ளிக்கிழமை உன் பென் டிரைவ் வந்தது. ஸ்கேன் சென்டரில் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொருகினேன். உன் முறை இரண்டு மாதம் முடிந்து, நம் கம்ப்யூட்டர் விளையாட்டின் சேவ் ஃபைல் என் கைக்கு வரும் நாள் எனக்கு எப்படிப்பட்டதென்று உனக்குத் தெரியும். "அதுங்க தூங்கறத, சாப்பிடறத எல்லாம் நீங்க ஏன் உட்காந்து பாத்துட்டு இருக்கீங்க?" என்று அப்பா இன்றைக்கும் கேட்கிற விளையாட்டு. எட்டு வருடம், ஒரே குடும்பம், ஆறு தலைமுறை. விளையாட்டோடு சேர்த்துக்கொள்ளும் புது பேக் எதாவது வந்தால் மற்றவர்கள் புதுக் குடும்பம் தொடங்குவார்கள். நாம் பழைய வீட்டுக்குள்ளேயே அதற்கு இடம் பண்ணிக் கொடுத்தோம். நாய்-பூனை பேக் வாங்கிய பிறகு, வீட்டில் ஒருவர் தனியாகி நாயைத் தேடும்வரை நாலு மாதம் காத்திருந்தோம். கல்லூரி பேக்கில் ஒருத்தியைப் படிக்க அனுப்பிவிட்டு, அவள் திரும்பும்வரை அவள் கட்டிலை நகர்த்தக் கூடாது என்று சட்டம் போட்டவள் நீ. "பேக் வாங்கறது பெருசில்ல சில்லு. உள்ள இருக்கறவங்க அதுக்குத் தயாரான்னு பாக்கணும்" என்றவளும் நீ.

போன முறை நான் வாடகைக் குடித்தன பேக்கைச் சேர்த்திருந்தேன். அதில் ஒரு வீட்டை இரண்டு குடித்தனமாகப் பிரிக்கலாம். ஆறாம் தலைமுறை வீட்டின் கீழ்ப்பகுதியைத் தடுத்து, தனி வாசல், தனிச் சமையலறை, மெத்தை தைத்த ஜன்னல் இருக்கை எல்லாம் வைத்தேன். அந்த வீட்டில் ஒரு அப்பாவும் இரண்டு பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் யாரென்று நாம் பேசிக்கொண்டதில்லை, பேசத் தேவையும் இருந்ததில்லை.

திறந்து பார்க்கிறேன், அந்த ஜன்னல் இருக்கையில் பச்சைக் கோட்டும் கண்ணாடியுமாக ஒரு பொம்பளை உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுகிறாள். உறவுப் பட்டியலைத் தட்டினேன். அப்பாவின் மனைவி.

விளையாட்டுத்தானே என்று சிரிக்கப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அக்கா சொல்லியிருப்பாளே. கண்ணாடிக் கடைக்காரங்க. உனக்கும் சம்மதம்னு சொன்னா. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நோட்டீஸ் குடுத்தாச்சு. அடுத்த மாசம் பதினெட்டு."

நான் "ம்" என்றேன். எனக்குச் சம்மதம் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஒரே வருடத்தில் மூன்று முறை யாருக்காவது கண்ணாடிப் பவர் மாறுமா, அக்கா? நான் முட்டாள், கவனிக்கவில்லை. நீ எப்போது கவனித்தாய்? என் சம்மதத்தை எந்தக் கடையில் வாங்கினாய்? அதை மட்டும் எழுது.

சில்லு

*

மார்ச் 9

சில்லுவுக்கு,

கடிதம் கிடைத்தது. விமான நிலையத்தில் என் கவுன்ட்டருக்கு ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்து திட்டுகிறார்கள். பெட்டியைத் தொலைத்தது நான் இல்லை, கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பது நான். உன்னையும் நாற்பத்தொன்றாவது ஆளாக வரிசையில் நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. அவர்கள் யாரும் "வாயைக் கடன் வாங்கி" என்று எழுதுவதில்லை.

டிசம்பரில் உன்னிடம் கேட்டேன். எடுத்துப் பார், கடிதம் உன்னிடம்தான் இருக்கும். அப்பாவுக்கு ஒருவரைப் பிடித்திருக்கிற மாதிரி தெரிகிறது, வீட்டுக்கு ஒருவர் வந்தால் உனக்கு எப்படி இருக்கும் என்று இரண்டு பத்தி எழுதியிருந்தேன். நீ நாலு பக்கம் பதில் போட்டாய். ஸ்கேன் டாக்டரின் கையெழுத்தைப் பற்றி ஒரு பக்கம். ஏதோ நாவல் சலித்துவிட்டது என்று ஒன்றரைப் பக்கம். நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை. பென் டிரைவைத் திறந்தால் கீழே ஒரு புது வீடு. தனி வாசல். இரண்டு பேர் படுக்கும் கட்டில். நான் அதைப் பார்த்து அழுதேன் தெரியுமா? வாயால் சொல்லக் கூச்சப்பட்டு, இடம் பண்ணிக் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். நாம் எப்போதும் அப்படித்தானே பேசிக்கொண்டோம்? எனக்கு இங்கே வேலை கிடைத்தபோது நீ போகாதே என்று சொன்னாயா? விளையாட்டில் மூத்தவளின் அறைக் கதவை எடுத்துவிட்டுச் சுவர் வைத்தாய். நான் புரிந்துகொண்டேன். இதையும் புரிந்துகொண்டேன் என்று நினைத்தேன்.

அப்பா போனில் "சின்னவ என்ன சொல்றா?" என்றார். "சம்மதம்தாம்ப்பா, வீடே கட்டிட்டா" என்றேன். அவர் சிரித்தார். அம்மா விவாகரத்து வாங்கிப் போன இந்த நாலு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

அந்தக் கீழ்வீடு அம்மாவுக்கு என்றால், அதை நீ எழுதியிருக்க வேண்டும். இப்போது நான் எழுதுகிறேன், கேட்டுக்கொள். போன வருடமே அம்மாவிடம் கேட்டேன். "மாடியோ கீழோ, அந்த வீட்டுக்கு நான் திரும்ப மாட்டேன். எனக்கு அவர் மேல கோவம்கூட இல்ல இப்போ. இங்க காலைல பால்கனில வெயில் வருது, எனக்கு அது போதும்" என்றாள். கண்ணாடிக் கடைக்காரரைப் பற்றியும் அம்மாவுக்குத் தெரியும். "நல்லா இருக்கட்டும். சின்னவகிட்ட இப்ப சொல்லாத, உடைஞ்சிடுவா" என்றாள். சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான்.

கோபப்படு. ஆனால் சுவர்களில் எழுதிவிட்டு, படிக்கத் தெரியவில்லை என்று என்னைத் திட்டாதே.

அக்கா

*

மார்ச் 15

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான் டிசம்பரில் பதில் எழுதவில்லை என்பது உண்மை. அதற்காக என்னைத் திட்டு, தலையைக் குனிந்து வாங்கிக்கொள்கிறேன். மற்றதை வாங்கிக்கொள்ள மாட்டேன்.

அப்பாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும். உனக்குத் தெரியும். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவருக்குக்கூடத் தெரிந்திருக்கும். தினமும் அந்த மனிதரோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிறவளுக்கு மட்டும் தெரியக் கூடாது, ஏனென்றால் அவள் உடைந்துவிடுவாள். எனக்கு இருபத்தாறு வயது. நாள் முழுக்க மற்றவர்கள் உடம்பில் என்ன வளர்ந்திருக்கிறது, எது உடைந்திருக்கிறது என்று டைப் செய்கிறேன். நான் உடைந்ததில்லை.

வியாழக்கிழமை கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். வாடகைக் குடித்தன பேக்கை எடுத்துவிட்டு சேவ் ஃபைலைத் திறந்தேன். ஒரு பேக் காணவில்லை, அதன் பொருட்களெல்லாம் போய்விடும், தொடரலாமா என்று விளையாட்டு கேட்டது. கவனி அக்கா, அதற்குக் கேட்கத் தெரிந்திருக்கிறது. தொடர் என்றேன். பழையது அழியும்படி அதன் மேலேயே சேமித்தேன். கீழ்வீடு இல்லை. தடுப்புச் சுவர் இல்லை, வாசல் இல்லை. பச்சைக் கோட்டுக்காரி தெருவில் நின்றாள், வீடில்லாதவர்கள் பட்டியலில் போய்ச் சேர்ந்தாள். எனக்கு நன்றாக இருந்தது. ஒரு பத்து நிமிடம். பிறகுதான் உறைத்தது, ஜன்னல் இருக்கையும் போய்விட்டதென்று. அம்மா உட்காருவாள் என்று அதை ஒரு வாரம் மெனக்கெட்டுச் செய்திருந்தேன்.

சனிக்கிழமை அந்தக் கண்ணாடிக் கடை அம்மாவே வந்தார்கள், நிஜ ஆள். அப்பாவின் கண்ணாடிக்கு மூக்குப் பட்டை மாற்ற. பச்சைக் கோட்டெல்லாம் இல்லை, சாயம் போன பழுப்புக் கோட்டு. அப்பா பால் வாங்கக் கீழே போயிருந்தார். சின்ன ஸ்க்ரூ டிரைவரைத் திருகிக்கொண்டே சொன்னார்கள்:

"என்னை உனக்குப் புடிக்கணும்னு கட்டாயம் இல்லம்மா. சரின்னு சொன்னியே, அதுவே பெருசு."

"நான் சொல்லலங்க."

திருகுவது நின்றது. "உங்க அப்பா சொன்னாரே?"

"அவருக்கு அக்கா சொன்னா."

"அக்காவுக்கு?"

"யாரும் சொல்லல. அவளே பாத்துப் புரிஞ்சுக்கிட்டா."

அவர்கள் கண்ணாடியை மேஜையில் வைத்தார்கள். ஒரு பட்டை மாட்டி, ஒரு பட்டை மாட்டாமல். முகம் சிவந்துவிட்டது. "அப்போ இந்த வீட்டுல ஆளுக்கு ஆள் அடுத்தவங்களுக்காகத்தான் பேசுவீங்களா? எனக்குன்னு யாரு பேசினாங்கன்னும் சொல்லிடு, தெரிஞ்சுக்கறேன்."

அப்பா பாலோடு உள்ளே வந்தார். அவரிடம், "உங்க பொண்ணுகிட்ட உக்காந்து பேசுங்க. பேசி முடிச்சிட்டு எனக்கு போன் பண்ணுங்க. அதுவரைக்கும் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். கதவைச் சாத்தவில்லை, அறைந்தார்கள்.

எனக்கு அவர்களைப் பிடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அதற்கும் உன்மேல்தான் கோபம்.

அப்பா இன்னும் பேசவில்லை. ஒரு மூக்குப் பட்டையோடு, கோணலான கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி வருகிறார்.

சில்லு

*

மார்ச் 20

சில்லுவுக்கு,

அப்பாவுக்கு நான் போன் செய்து விளக்கட்டுமா? நீ சொன்னால் செய்கிறேன். கண்ணாடிக் கடைக்காரரிடமும் பேசுகிறேன். எல்லாவற்றுக்கும் காரணம் நான்தான் என்று சொல்லிவிடுகிறேன்.

சேவ் ஃபைலைப் பற்றிக் கவலைப்படாதே. அதைச் சரி செய்துவிடலாம். உன்னிடம் சொன்னதில்லை, ஒவ்வொரு முறையும் உனக்கு அனுப்பும்முன் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வேன். உன்னிடமிருந்து வந்ததும் முதல் வேலையாக இன்னொன்று. எப்போதும் ஒருத்தியிடம் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம், தெரியும். கூரியரில் தொலைந்தால் என்ன செய்வது? தொலைந்த பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருப்பவள் நான். கீழ்வீடு அப்படியே இருக்கிறது, ஜன்னல் இருக்கையும். நீ கட்டி முடித்த நாளில் இருந்த மாதிரி, ஒருவரும் குடிவராத வீடாக அனுப்புகிறேன். அதிலிருந்து ஆரம்பிப்போம்.

ஒரு வரி எழுது.

அக்கா

*

மார்ச் 28

அக்காவுக்கு,

யாரிடமும் எதையும் விளக்காதே. நீ விளக்கியதெல்லாம் போதும்.

அப்பா திங்கட்கிழமை பேசினார். ஆரம்பமே தப்பு. "வேண்டாம்னா சொல்லும்மா, நிறுத்திடறேன்" என்றார். முழுப் பாரத்தையும் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு, பெருந்தன்மையாக நிற்கிறார்.

"நிறுத்தச் சொல்லலப்பா. என்னைக் கேளுங்க."

"என்னன்னு கேக்க?"

"நான் என்ன நினைக்கறேன்னு."

கோணல் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "சரி. என்ன நினைக்கற?"

சொன்னேன் அக்கா. இருபது நிமிடம், கத்திக் கத்திச் சொன்னேன். அம்மா வருவாள் என்று நாலு வருடமாக மாடிப்படி விளக்கை அணைக்காமல் வேலைக்குப் போவதைச் சொன்னேன். எனக்கு இது பிடிக்கவில்லை என்று சொன்னேன். கண்ணாடிக் கடை அம்மா இருமினால்கூட எனக்கு எரிச்சல் வரும் என்று சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில், "பதினெட்டாம் தேதி வருவேன். சிரிக்க மாட்டேன்" என்றேன். "போட்டோல மட்டும்?" என்றார். "போட்டோலயும்தான்." "சரி" என்றார். பிறகு எழுந்துபோய் அவர்களுக்குப் போன் செய்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. நடுவில் இரண்டு தடவை "ஆமா, தப்புதான்" என்பது மட்டும் கேட்டது.

வேலைக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துவிட்டேன். மே முதல் தேதி போகிறேன். அவர்கள் வருவதற்காகப் போகவில்லை. அப்படி எழுதி அம்மாவுக்குச் சொல்லிவிடாதே. இதையும் அப்பாவிடம் நானே சொன்னேன்.

உன் பிரதியைப் பற்றி. எட்டு வருடமாக உலகத்தில் அந்தக் குடும்பம் ஒன்றே ஒன்றுதான் என்று நம்பியிருந்தேன். கூரியர்காரர் வரும்வரை, தொலைந்துவிட்டதோ என்று வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ அங்கே அலமாரி நிறைய வைத்துக்கொண்டு, பத்திரமாக இருந்திருக்கிறாய். என் பயம்கூட உனக்குப் பதிலாக நான் பட்டதுதான்.

உன் சேவ் ஃபைலை அனுப்பாதே. அதில் கீழ்வீடு இருக்கிறது, யாரை வேண்டுமானாலும் குடிவை. என்னுடையதில் அந்த இடம் வெறும் தரை. புல்கூட முளைக்கவில்லை. அதில்தான் நான் தொடர்கிறேன். பச்சைக் கோட்டுக்காரியைப் பட்டியலிலிருந்து தேடி எடுத்து வெளியே ஒரு சின்ன வீடு கொடுத்தேன், பாவம் தெருவில் நிற்கிறாளே என்று. அவள் உள்ளே வருவாளா என்பதை மெதுவாகப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு சேவ் ஃபைலையும் இனி ஒன்றாக்க முடியாது. அப்படி ஒரு பேக்கை யாரும் இதுவரை செய்யவில்லை.

பென் டிரைவ் என்னிடமிருந்து இனி வராது. திறந்து பார்த்து நீயாகப் புரிந்துகொள்ள ஒன்றும் இருக்காது. நான் என்ன செய்கிறேன், எப்படி இருக்கிறேன் என்று தெரிய வேண்டுமானால் கேள்.

பதில் சொல்வேனா என்பதைக் கேட்கும்போது பார்க்கலாம்.

உன் தங்கை