மண்டைதீவுக் கடலுக்கு வந்த நத்தை

அனுப்புநர்:
க. கிறிஸ்துநாயகம் (வயது 15),
கடற்கரை வீதி, குருநகர், யாழ்ப்பாணம்.

பெறுநர்:
மீன்பிடிப் பரிசோதகர் அவர்கள்,
மீன்பிடி இலாகா, யாழ்ப்பாணம்.

விடயம்: மண்டைதீவுக் கடலில் சங்கு குளிப்பதைத் திங்கட்கிழமைக்கு முன் நிறுத்துவது பற்றியது.

மதிப்புக்குரிய பரிசோதகர் ஐயா,

1. என் தகப்பனார் கனிசியஸ் சங்கு குளிப்பவர். சங்கு மணலுக்குள் ஊர்ந்த தடத்தைப் பார்த்து, அது முடியும் இடத்தில் கையை விட்டுக் கிண்டி எடுப்பதே எங்கள் தொழில்முறை. மார்கழியில் வெளிநாட்டு இரும்புத் தோணி ஒன்று இங்கே தரைதட்ட, அதன் அடியைச் சுரண்டிக் கழுவினார்கள். அதன்பின் அச்சொட்டாக அதே தடம் போடும் வேறொரு நத்தை காணப்படுகிறது. பெருவிரல் நீளம், வெள்ளையில் மண்ணிற வலைக்கோடு. வள்ளச் சொந்தக்காரரான வயதான சம்மாட்டிமாருக்கும் இதன் பெயர் தெரியவில்லை.

2. சென்ற ஞாயிறு ஒன்றைக் குச்சியால் கிண்டி ஜாம் போத்தலில் போட்டேன். கூட விட்ட மீன்குஞ்சை அது நூல் போன்ற நாக்கால் ஒரேயொரு முறை தொட்டது. மீன் அப்படியே விறைத்துப் போனது. அதன்பின் நான் மூடியைத் திறக்கவில்லை.

3. செவ்வாய்க்கிழமை எங்கள் வள்ளத்துச் சிமியோன் அண்ணை நான் அதைப் பிடித்த இடத்திலேயே ஒரு தடம் கண்டார். கை வைக்க வேண்டாம் என்று தடுத்தேன். "உன்ரை கயித்துச் சங்கோடா? உதை இண்டைக்குப் பிடிச்சுக் காட்டுறன் பார்" என்று சிரித்துக்கொண்டு குதித்தார். குற்றம் என்னுடையது. மாசி மாதம் வெறுஞ்சங்கை நூலில் கட்டி இழுத்துப் பொய்த்தடம் போட்டு, அவரை அரைநாள் மணல் கிண்ட வைத்தவன் நானே.

4. மேலே வந்தபோது விரலில் முள் குத்தினாற்போல ஒரு புள்ளி. "ஒண்டுமில்லையடா" என்றார். கரை சேருமுன் நாக்குத் தடித்து, இமை விழுந்தது. இன்று மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. ஊரார் கடற்பாம்பு என்கிறார்கள். நத்தை என்று சொன்னால், "இவன்ரை அடுத்த பகிடி" என்கிறார்கள். சங்கு எடுக்கப் போகிறவர்களுக்கே சங்கு ஊத வந்திருக்கிறது ஐயா இது. பகிடிக்கோ விளையாட்டுக்கோ இதை எழுதவில்லை.

5. தண்ணீருக்கடியில் கண்ணாடி போடாமல் தடம் தெரியாது என்பதால் அப்பாவின் முகக்கண்ணாடியை ஒளித்து வைத்துள்ளேன். அடி வாங்கியும் இடம் சொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமைக்குத் தன் கண்ணாடியை அப்பாவுக்குத் தருவதாக, கூடச் சங்கு குளிக்கும் நீக்கிலாப்பிள்ளையர் சொல்லிவிட்டார்.

ஆகவே தாங்கள் நேரில் வந்து போத்தலைப் பார்வையிட்டு, அவ்விடத்தில் சிவப்புக் கொடி நட்டு, தடை உத்தரவை ஞாயிறு பூசையில் வாசிக்கச் செய்யும்படி மன்றாடுகிறேன். அதில் என் பெயரை மட்டும் குறிப்பிட வேண்டாம். என் பெயரைக் கேட்டால் அப்பா சிரித்துக்கொண்டே குதிப்பார்.

தங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
க. கிறிஸ்துநாயகம்

குருநகர்,
14.03.1974