பேச்சு கம்மி, பிஸ்கட் ஜாஸ்தி

மார்ச் 3, திங்கள்

கண்ணாடிக் கடையில் இன்று ஈ ஓட்டினோம். வந்ததே இரண்டு பேர். அதில் ஒருவர் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டே, கண்ணாடி தொலைந்துவிட்டது, புதிதாக வேண்டும் என்றார். தலையைக் காட்டினேன். வந்த வியாபாரத்தைக் கெடுத்துவிட்டதாக முதலாளி முறைத்தார்.

மாலையில் நூலக மாடியில் சங்கக் கூட்டம். வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளின் குடும்பங்கள் நடத்தும் சங்கம். பிள்ளைகள் என்று பழக்கத்தில் எழுதுகிறேன். எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள், என் தம்பிக்கு முன்வழுக்கையே விழுந்துவிட்டது. நான் செயலாளர். தலைவர் பல் டாக்டர். நல்ல மனுஷர்தான். ஆனால் எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தபடி பதில் சொல்ல முடியாமல் படுத்திருப்பார், இவர் பேசிக்கொண்டே இருப்பார் – அப்படியே பழகிவிட்டார். எங்களிடமும் அதே பழக்கம்.

இன்றும் பேருந்து நிறுத்தம்தான். பிள்ளைகள் போகும் பகல் மையத்தின் வாசலில் இருந்த நிறுத்தத்தைப் பெரிய சாலையின் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். லாரி பறக்கிற சாலை. தினமும் யாராவது போய்க் கையைப் பிடித்துக் கடத்திவிட வேண்டியிருக்கிறது. பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள் என்று நானும் ஏறாத அலுவலகம் இல்லை.

நடுவில் தம்பி கை தூக்கினான். "கடைசியில பேசலாம்ப்பா" என்றார் டாக்டர். கடைசியில் எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டோம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டான்: "அக்கா, கடைசின்னா எப்போ?"

மார்ச் 5, புதன்

பல் தேய்த்துக்கொண்டே ஏதோ சொன்னான். நுரையில் புரியவில்லை. துப்பிவிட்டு மறுபடி சொன்னான்: "நான் தலைவர் ஆகப் போறேன்." முதலில் வாயைக் கொப்பளி என்றேன்.

மார்ச் 8, சனி

விளையாட்டில்லையாம். ஏப்ரலில் ஆண்டுக் கூட்டம். வருஷா வருஷம் டாக்டர் எழுந்து "யாராவது நிக்கறீங்களா?" என்று கேட்பார், நாங்கள் எல்லோரும் தரையைப் பார்ப்போம், அவரே மறுபடி தலைவர் ஆவார். தேர்தல் என்றால் எங்களுக்கு அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. "என் மச்சானுக்கு நான்தான் ஏஜென்ட்" என்று மார்தட்டுகிறார். குடியிருப்போர் சங்கத் தேர்தலில் இரண்டு முறை நின்று இரண்டு முறையும் மண்ணைக் கவ்விய மகான் இவர். அந்த அனுபவமெல்லாம் இப்போது தம்பிக்குப் பயன்படப் போகிறதாம்.

"மாமா, நீங்க எப்படித் தோத்தீங்க?" என்று கேட்டான் தம்பி.

"அதிகமாப் பேசிட்டேன்டா."

தம்பி தலையாட்டிக்கொண்டான். பாடம் எடுத்துக்கொண்டான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

டாக்டருக்குப் போன் செய்தேன். சிரித்தார். "நிக்கட்டும்மா, எனக்கென்ன. ஆனா விதிப்படி குடும்பத்தினர்தானே உறுப்பினர். உறுப்பினர்தானே நிக்க முடியும்" என்றார்.

பக்கத்தில் நின்றவனிடம் அப்படியே சொன்னேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிக்கும் வரை யோசித்தான். பிறகு கேட்டான்: "நான் குடும்பம் இல்லையா?"

போனிலும் கேட்டிருக்கும். லைன் போய்விட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றேன்.

மார்ச் 15, சனி

டாக்டர் ஒப்புக்கொண்டார். இனி பிள்ளைகளும் உறுப்பினர்கள், எல்லோருக்கும் ஓட்டு. "ஒரு சம்பிரதாயத்துக்குத்தானே" என்றார்.

வேட்பாளருக்குச் சட்டை வாங்கப் போனோம். விற்பனையாளர் என்னைப் பார்த்து, "சாருக்கு என்ன கலர்மா பிடிக்கும்?" என்றார். நீலம் என்றேன். "மஞ்சள்" என்றான் இவன். அந்த ஆள் மறுபடி என் முகத்தையே பார்த்தார். நானும் கொஞ்சம் தயங்கினேன் – ஏன் தயங்கினேன்? போடப்போவது அவன்.

மஞ்சள்தான் வாங்கினோம். "ரொம்ப நல்லது, தெருக்கோடியிலேர்ந்தே தெரியும்" என்றார் ஏஜென்ட்.

மார்ச் 19, புதன்

பிரசாரம் சூடு பிடித்துவிட்டது. தம்பி வீடு வீடாகப் போகிறான். கொள்கை ஒன்றே ஒன்று: "பேச்சு கம்மி, பிஸ்கட் ஜாஸ்தி." கூட்டம் அரை மணிக்கு மேல் போகாதாம். பிஸ்கட் முதலிலேயே வந்துவிடுமாம். ஒரு பிள்ளையின் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க தம்பிக்குத்தான் போடலாம்னு இருக்கேன், வெளியில சொல்லாதீங்க" என்றார்.

கொள்கையை ஊரெங்கும் பரப்புவது, நாங்கள் ரேடியோ என்று கூப்பிடும் பிள்ளை. தபால் நிலையத்தில் வேலை செய்யும் அம்மாவின் மகன். காதில் விழுவதை விழுந்தபடியே, சொன்னவரின் குரலிலேயே திருப்பிச் சொல்வான். இன்று தபால் நிலைய வரிசையில் "பேச்சு கம்மி, பிஸ்கட் ஜாஸ்தி" என்று ஆரம்பித்தவன் நிறுத்தவில்லையாம். வரிசையில் நின்றவர்கள் எங்கே தருகிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று எனக்கு நாக்கில் சனி.

பகல் மையத்தில் எல்லோரும் இருந்தோம். ஓரமாக நின்று இவரிடம் கிசுகிசுத்தேன்: "தோத்துட்டா என்ன செய்றது? பாவம், அவனால தாங்க முடியாது." பின்னால் ரேடியோ நின்றதைக் கவனிக்கவில்லை. கூடம் முழுக்கக் கேட்கும்படி, என் குரலிலேயே, என் பெருமூச்சோடு: "தோத்துட்டா என்ன செய்றது? பாவம், அவனால தாங்க முடியாது."

"அவன் முன்னாடி ரகசியம் பேசினா அது அறிவிப்பும்மா" என்றார் அவன் அம்மா. இதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

தம்பி என்னைப் பார்த்தான். கோபமில்லை. "அக்கா, மாமா ரெண்டு தடவை தோத்தாரு. சாப்பிட்டாரு. தூங்கினாரு" என்றான்.

மார்ச் 30, ஞாயிறு

என்னிடமும் முறைப்படி ஓட்டுக் கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசி. ஆனா சீக்கிரம் யோசி."

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

கை தூக்கித்தான் ஓட்டு. முதலில் டாக்டருக்கு. என் கை மேலே போனது. நான்தான் தூக்கினேன், வேறு யார் தூக்குவார்கள்? நிறுத்தம் விஷயமாகப் பேருந்து அதிகாரி பதினேழாம் தேதி வருகிறார். அவர் முன்னால் இவன் திணறினால், அவர் சிரித்துவிட்டால் – இதுதான் மனதில் ஓடியது. மஞ்சள் சட்டை இருந்த பக்கம் நான் பார்க்கவே இல்லை.

பிறகு தம்பிக்கு. கைகள் எழுந்தன. டாக்டர் எண்ணிக்கொண்டே வந்து தன் மகளிடம் நின்றுவிட்டார். "ஆமா", "வேணாம்" என்று இரண்டொரு சொல்லோடு பொழுதை ஓட்டுகிற பெண். அவள் இரண்டு கையையும் தூக்கியிருந்தாள்.

"அம்மாடி, இது அவனுக்கு. அப்பாவுக்கு அப்பவே முடிஞ்சுபோச்சே."

"ஆமா" என்றாள். கை இறங்கவில்லை.

"சரி, ஒரு கை போதும்மா."

"வேணாம்."

ஒரு கையாகத்தான் எண்ணினார்கள். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தம்பி ஜெயித்தான். ரேடியோ கொள்கையை முழங்க, ஏஜென்ட் அழுதேவிட்டார். சொந்தத் தேர்தலில்கூட இவர் அழுததில்லை.

நான் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தேன். டாக்டர் ஏற்கெனவே அங்கே இருந்தார். "எம் பொண்ணு எனக்கு எதிரா ஓட்டுப் போட்டுட்டா" என்றார். மறுபடி அதையே சொன்னார். "இத்தனை வருஷத்துல சாப்பாட்டைத் தவிர எதையும் வேணாம்னு சொன்னதில்லை. இன்னிக்கு என்னையே வேணாம்னுட்டா." குரலில் வருத்தத்தைத் தேடினேன். அந்த மனுஷர் பூரித்துப் போயிருந்தார்.

ஏப்ரல் 7, திங்கள்

காலையில் காபியோடு வந்து நின்றான். "நீ எனக்குப் போடலை."

இல்லை என்றேன். பொய் சொல்லி என்ன, எல்லோரும் பார்த்ததுதானே.

"பயமா?"

"ஆமாடா."

"சரி. நீ செயலாளர். நான் சொல்றதை எழுது" என்று காபியை வைத்துவிட்டுப் போனான். சர்க்கரை போட மறந்திருந்தான். தண்டனையோ என்னவோ. கேட்காமல் குடித்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

அதிகாரி வரைபடத்தோடு பகல் மையத்துக்கு வந்தார். அவர் உட்காரும் முன்பே பிஸ்கட் வந்தது. நான் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்த பேச்சோடு தயாராக இருந்தேன். பழைய நிறுத்தம், குடும்பங்களின் வேதனை, அதிகாரிகளின் அலட்சியம், எல்லாம் அதில் இருந்தது. தம்பி என் பக்கம் திரும்பி, "அக்கா, எழுது" என்றான். பேனாவைத் திறந்தேன்.

அவன் ஒவ்வொருவராகக் கேட்டான். "எந்த ஸ்டாப்பிங் வேணும்? பழசா, புதுசா?"

டாக்டரின் மகள்: "பேக்கரி."

ரேடியோ, பேக்கரிக்காரரின் குரலில்: "சூடா இருக்கு, வாங்க வாங்க."

சக்கர நாற்காலியில் இருந்த பெண்: "புதுசு. அங்கதான் நிழல்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புது நிறுத்தத்தில் பெஞ்ச் இருக்கிறதாம். மரம் இருக்கிறதாம். பேக்கரிக்காரர் எல்லோருக்கும் வணக்கம் சொல்வாராம், உடைந்த கேக் தருவாராம். பழைய இடத்தில் வெயில்தானாம். ஒருவருக்காவது பழையது வேண்டுமே? ஒருவருக்கும் வேண்டாம்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "அப்ப உங்களுக்கு என்னதான்மா வேணும்? பழசு வேணும்னுதானே இத்தனை நாளா அலைஞ்சீங்க?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தம்பி, "சார், இங்க பாருங்க. நான்தான் தலைவர்" என்றான். "ஸ்டாப்பிங் அங்கேயே இருக்கட்டும். ரோட்டைக் கடக்கணும். நாங்களே. எங்க வேகத்துல. அதுவரைக்கும் லாரி நிக்கணும்."

"சிக்னலா? அது செய்யலாமே" என்றார் அதிகாரி. நிறுத்தத்தை மாற்றுவதுதான் அவருக்குத் தலைவலியாம். "எவ்வளவு நேரம் பச்சை வேணும்?"

அது யாருக்குத் தெரியும்? "வாங்க, கடந்து பாப்போம்" என்று தம்பி எழுந்துவிட்டான்.

கடந்தோம். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நடுவில். பாதிச் சாலையில் டாக்டரின் மகளுக்கு நிற்கத் தோன்றிவிட்டது. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அவள் திரும்பி, உள்ளங்கையைக் காட்டி, "வேணாம்" என்றாள். லாரி நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். பின்னால் வந்த வண்டிகளும் வரிசையாக நின்றன.

அந்தப் பக்கம் போனதும் அதிகாரி பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். "சாதாரணப் பச்சை பத்தாது" என்றார்.

ஏப்ரல் 18, வெள்ளி

முதலில் கோபம்தான் வந்தது. எத்தனை அலுவலகம், எத்தனை மனு! முட்டி தேய அலைந்திருக்கிறேன். "இதை என்கிட்ட முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதாடா?" என்று கத்தினேன்.

"அன்னிக்கே கை தூக்கினேனே" என்றான்.

அவன் பாட்டுக்குச் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தான்.

ஜூன் 9, திங்கள்

சிக்னல் வேலை செய்கிறது. மற்ற சிக்னலைவிட, கடப்பவர்களுக்கு ரொம்ப நேரம் பச்சை. லாரிக்காரர்கள் திட்டுவதாகக் கேள்வி. இறங்கி பேக்கரியில் டீ குடிப்பதாகவும் கேள்வி.

இன்றைய கூட்டத்தில் டாக்டருக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். அவர் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, முடியும்போது சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

ஜூலை 12, சனி

காலையில் போன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சங்கமாம். அவர்களும் எங்கள் மாதிரி குடும்பங்கள்தானாம், ஏதோ பிரச்சினையாம், யாராவது வந்து பேச முடியுமா என்று ஒரு அம்மா கேட்டார்.

"சொல்லுங்க" என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். தொண்டையைக்கூடச் செருமிக்கொண்டேன்.

"தலைவர் இருக்காருங்களா?"

போய்க் குளியலறைக் கதவைத் தட்டினேன். தண்ணீர்ச் சத்தம் நின்றது. விஷயத்தைச் சொன்னேன். "தலை முழுக்க சோப்பு. அரை மணி கழிச்சுக் கூப்பிடச் சொல்லு" என்றான் உள்ளிருந்து.

திரும்பி வந்து சொன்னேன். "தலைவர் குளிக்கிறார். அரை மணி கழிச்சுக் கூப்பிடுங்க."

"சரிம்மா. நீங்க யாரு பேசறது?"

"செயலாளர்" என்றேன்.