இலையை அலம்பிய தண்ணீர்

மயிலாப்பூரிலிருந்து இப்போதுதான் வந்தேன். சோப்புப் போட்டு அலம்பியும் வலது கையில் ரச வாசனை போகவில்லை. அதற்கு அடியில் வாழையிலையின் பச்சை வாசனையும் இருக்கிறது. கூடத்தில் விளக்கு எரிகிறது. சமையலறையிலும் எரிகிறது. நான் இந்த அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆளில்லாத இடத்துக்கு விளக்கு எதற்கு என்று கேட்க நீங்கள் இல்லை. எழுந்துபோய் அணைக்கும் உத்தேசம் எனக்கும் இல்லை.

தம்பி பையனுக்கு இன்று பூணூல். நீங்கள் போய் வருஷம் திரும்பட்டும் என்று காத்திருந்து, போன மாதம் தம்பி நேரில் வந்து அழைத்தான். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தான். பாதி டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

"இனிமே உனக்கு என்னக்கா தடை? வா, எல்லாரோடயும் பந்தில உட்கார்ந்து சாப்பிடு. அத்திம்பேர் தங்கமான மனுஷர், நான் இல்லைங்கலை. ஆனா நீ பட்டது எங்களுக்குத் தெரியாதா? இனிமேலாவது கொஞ்சம் நன்னா இரு."

துக்கம் கேட்க வந்தவர்களும் சுற்றி வளைத்து இதைத்தான் சொல்லிப் போனார்கள். ஏதோ நீண்ட நாள் காய்ச்சலிலிருந்து நான் எழுந்து வந்துவிட்டேன் என்பதுபோல. 'இனிமேலாவது' என்ற ஒரு சொல்லில் நம்முடைய பத்துப் பதினோரு வருஷத்தையும் மடித்து வெளியே வைத்துவிட்டான் தம்பி. நான் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். எதற்காக வரப்போகிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

உங்களை முதலில் பார்த்தது எங்கள் கல்லூரியின் வேதியியல் சோதனைச்சாலையில். காற்றை உறிஞ்சும் பம்பு பழுதாகி, ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை வைத்திருக்கும் வடக்கத்திக்காரர் ஒருவர் வருவார் என்றார்கள். வந்தது நீங்கள். கட்ச் பாலைவனத்து ஓரத்து ஜைனர். ஆனால் பட்டறை ஆட்களிடமிருந்து கற்ற தமிழ். பம்பைச் சரிசெய்த பிறகு குப்பைக் கூடையிலிருந்து ஒரு ரப்பர்க் குழாயை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தீர்கள்.

"டீச்சர், இது வாணாமா? நான் எடுத்துக்கினு போவட்டா?"

"அது ஓட்டைக் குழாய்."

"ஓட்டை ஒரு பக்கம்தானே கீது. மீதி நல்லாத்தானே கீது."

எனக்கு மறுத்துப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. வாதத்தில் ஓட்டை இருந்தால் கண்டுபிடிப்பதுதான் என் வேலை, என் பெருமையும் அதுதான். அன்று இரவெல்லாம் தேடினேன் என்று சொன்னால் மிகை. பஸ் வீடு சேரும் வரைக்கும் தேடினேன்.

முப்பத்தாறு வயதில் பதிவுத் திருமணம். அம்மா இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு பேசியபோது, நீங்கள் வாசற்படியில் நின்று உங்களுக்குத் தெரிந்த தமிழில் மரியாதையாக விசாரித்தீர்கள்: "இன்னா மாமி, நல்லா கீறீங்களா?" அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! குஜராத்திக்காரரைக் கட்டிக்கொண்டதைவிட அந்த 'கீறீங்களா'தான் அவளுக்குப் பெரிய அடி என்று நினைக்கிறேன்.

உங்களை நான் மகானாக்கப் போவதில்லை. போனவர்களை மகானாக்குவது சோம்பேறித்தனம் என்பது என் எண்ணம். உங்களோடு குடித்தனம் நடத்துவது எளிதாக இருக்கவில்லை. அடையாறு மாடிப் போர்ஷனில் இரண்டு திரி ஸ்டவ் இருந்தன. முதல் ஸ்டவ்வைத்தான் தீக்குச்சி கிழித்துப் பற்றவைக்கலாம். எரிந்த குச்சியை டப்பாவில் சேர்த்துவைத்து, முதல் ஸ்டவ்விலிருந்து இரண்டாவதற்கு அதனால் நெருப்பை மாற்ற வேண்டும். தேய்ந்த சோப்புத் துண்டுகளையெல்லாம் ஈரத்தில் அழுத்தி, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு கட்டி செய்வீர்கள். சந்தன வாசனையும் துணிச் சோப்பு வாசனையும் சேர்ந்து அடிக்கும் அதைக்கொண்டு நான் முகம் கழுவ மாட்டேன் என்று தனிச் சோப்பு வாங்கினேன். எனக்கு வந்த கடித உறைகளைப் பிரித்து உள்பக்கத்தை வெளிப்பக்கமாக மடித்து ஒட்டுவீர்கள். என் சக ஆசிரியைகளுக்கு அந்த உறையில் எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

மேஜை மின்விசிறி ஞாபகம் இருக்கிறதா? மே மாத வெயிலில் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பாண்டி பஜாரிலிருந்து என் சம்பளத்தில் வாங்கி, ரிக்ஷாவில் வைத்துக்கொண்டு வந்தேன். வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்காலியை மட்டும் காற்று படாத மூலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, வியர்வை வழிய வழியப் பேப்பர் படித்தீர்கள். அடுத்த வீட்டுப் பேப்பர், முந்தைய நாளுடையது. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. விசிறியை நிறுத்தவும் இல்லை, உங்களைக் கூப்பிடவும் இல்லை. அந்த வாரம் முழுக்க உங்கள் நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் இருந்தது.

"ஃபேன் எப்படியும் சுத்திக்கினுதானே கீது, டீச்சர்? நான் குந்தினா அதுக்கு கரண்ட் ஜாஸ்தி ஆவாதே?"

"ஆகாது."

"யோசிச்சுப் பாத்தேன். இங்க வராம இருக்கிறதுதான் வேஸ்ட்."

இப்படித்தான் வாழ்ந்தோம். நான் பட்டேன் என்று தம்பி சொல்கிறானே, நீங்கள் பட்டது அவனுக்குத் தெரியாது.

இனி தம்பி கல்யாணத்துக்கு வருகிறேன். நம் பதிவுத் திருமணம் நடந்த அடுத்த வருஷம் அது. அம்மா மனம் இறங்கி, இருவரும் வரலாம் என்று சொல்லியனுப்பியிருந்தாள். மயிலாப்பூர் கல்யாண மண்டபத்தில் என் உறவினர் அத்தனை பேர் நடுவில் நீங்கள் முதன்முதலாகப் பந்தியில் உட்கார்ந்தீர்கள். எதிர்வரிசையில் நான். ஜைனர்கள் விலக்கும் வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் தின்பீர்கள், இருட்டிய பிறகும் சாப்பிடுவீர்கள். உங்கள் வீட்டு விதிகளில் உங்களிடம் மிஞ்சியிருந்தது ஒன்றுதான்: சாப்பிட்ட இடத்தில் ஒரு பருக்கை மிச்சம் இருக்கக்கூடாது. எங்கள் வழக்கமோ வேறு. இலையில் ஓர் இடம் காலியானால், இன்னும் வேண்டும் என்று பரிமாறுகிறவர் எடுத்துக்கொள்வார். போதும் என்றால் கையை மறித்துக் காட்ட வேண்டும், அல்லது கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும். இதை உங்களிடம் சொல்லி அழைத்துவரத் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்?

நீங்கள் காலி செய்தீர்கள். அவர் போட்டார். அவர் போட்டார், நீங்கள் காலி செய்தீர்கள். "மாப்பிள்ளை நன்னா சாப்பிடறார், இன்னும் விடுங்கோ" என்று என் மாமா ஒருவர் உற்சாகப்படுத்தினார். மூன்றாவது முறை பாயசம் வந்தபோது உங்கள் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. என்னைப் பார்த்தீர்கள். கையை மறிக்கச் சொல்லி நான் ஜாடை காட்டினேன். ஆசீர்வாதம் என்று நினைத்தீர்களோ என்னவோ, தலையசைத்துவிட்டுத் தொடர்ந்தீர்கள். கடைசியில் தயிர்சாதம் முடிந்ததும், உங்கள் வீட்டில் தட்டுக்குச் செய்வதை இலைக்குச் செய்தீர்கள். இலையின் ஓரங்களைத் தூக்கிப் படகுபோலப் பிடித்து, டம்ளர் தண்ணீரைச் சிறிது ஊற்றி, விரலால் அலம்பி, அந்தத் தண்ணீரைக் குடித்தீர்கள்.

பந்தி முழுக்கச் சாப்பிடும் கைகள் நின்றன. என் பக்கத்தில் இருந்த அத்தைதான் முதலில் வாய் திறந்தாள்.

"என்னடீ இது, இலையை அலம்பிக் குடிக்கறார்? ஆத்துல சாதம் போடறதில்லையா நீ?"

"போடறேன் அத்தை. அவர் மிச்சம் வைக்கறதில்லை. அவ்வளவுதான்."

மணக்கோலத்தில் இருந்த தம்பி, சிரிப்பை அடக்க முடியாமல், "பம்ப் கம்பெனிக்காரர் இல்லையா, உறிஞ்சிட்டார்" என்றான். சிரிப்பு பந்தியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போய்த் திரும்பி வந்தது. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள், என்ன சொன்னான் என்று தெரியாமல். அன்று முதல் என் குடும்பத்தில் உங்களுக்குப் பெயர் பம்ப் அத்திம்பேர்.

திரும்பும்போது பஸ்ஸில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள்: "உங்க ஊர்ல சோறு போட்றவன் நமக்கு ஃப்ரெண்டா, எனிமியா?" அப்போதுதான் வழக்கத்தை விளக்கினேன். "எங்க அம்மா ரெண்டு ஊர் தாண்டிப் போய் தண்ணி எடுத்தாங்க. தட்டு கழுவின தண்ணியக் கீழ ஊத்தினா அடி விழும்" என்றீர்கள்.

அடுத்த வாரம் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அவர் நல்லவராவே இருக்கட்டும். நாலு பேர் நடுவில பந்தில மட்டும் வேண்டாம். வந்தா உள்ள தனியா இலை போடறேன்."

"அப்படின்னா எங்க ரெண்டு பேருக்குமே இலை வேண்டாம்மா."

அதிலிருந்து அந்த வீட்டில் நாம் சாப்பிடவில்லை. உங்களுக்கு அதில் கோபம் இல்லாததுதான் எனக்குக் கோபம். ஊரெங்கும் கிணறுகள் வற்றிய கோடையில், அம்மா வீட்டுக் கிணற்றில் பம்பை இன்னும் கீழே இறக்க நீங்களே போனீர்கள். சாப்பிடச் சொன்னதற்கு, "வாணாம் மாமி, டிபன் பாக்ஸ் கீது" என்றீர்களாம். காபியை மட்டும் வாங்கிக் குடித்து, டம்ளரில் தண்ணீர் விட்டுச் சுழற்றி அதையும் குடித்தீர்களாம். அம்மா அந்த நேரம் பார்த்துச் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தாளாம். அவளால் முடிந்தது அவ்வளவு. அவளும் போய்விட்டாள்.

நான் அந்தத் தண்ணீரைக் குடித்ததில்லை. குடித்தால் புண்ணியம் என்பார்கள் உங்கள் வீட்டில்; புண்ணியத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது, பாவத்திலும் கிடையாது. ஒரு பருக்கை மிச்சமானால் உலகத்துக்கு என்ன ஆகிவிடும் என்று உங்களிடமே கேட்டிருக்கிறேன். அதற்குப் பதில் நீங்கள் வீட்டில் சொல்லவில்லை. மறுபடியும் பம்பு பார்க்கக் கல்லூரிக்கு வந்த நாளில், மாணவிகளுக்கு நான் சொல்லிக்கொண்டிருந்ததை வாசலில் நின்று கேட்டுவிட்டுச் சொன்னீர்கள். கரைசலை ஒரு கண்ணாடிக் குவளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் வேலை முடிந்ததாக அர்த்தம் இல்லை. பழைய குவளையைத் தண்ணீர் விட்டு அலம்பி, அந்தத் தண்ணீரையும் இதில் சேர்க்க வேண்டும். ஒரு துளி விட்டுப்போனாலும் கணக்குப் பொய் என்பது பாடம். எத்தனையோ வருஷமாக நான் நடத்தும் பாடம்.

"டீச்சர், நீங்க பண்றதும் அதானே?"

மாணவிகள் சிரித்துவிட்டார்கள். வேலையைப் பாருங்கள் என்று உங்களை அதட்டினேன். எனக்கு மறுபடியும் ஓட்டை கிடைக்கவில்லை. இந்த முறை பஸ் வீடு சேர்ந்த பிறகும் கிடைக்கவில்லை.

இன்று மத்தியானம் முதல் பந்தியிலேயே போய் உட்கார்ந்தேன். நீங்கள் போன பிறகும் சாயப் புடவைதான். "நீ அப்புறமா உட்கார்ந்துக்கலாமே" என்று அத்தை முணுமுணுத்தாள். இப்போது அவளுக்குக் காது மந்தம், நாக்கு மந்தமாகவில்லை. எனக்குப் பசிக்கிறது என்றேன். தம்பி எதிரே நின்று கவனித்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு நிம்மதி. அக்கா திரும்ப வந்துவிட்டாள் என்ற நிம்மதி.

போதும் என்பதற்கெல்லாம் கையை மறித்தேன். எனக்குத்தான் அந்த ஜாடை தெரியுமே. வாங்கிக்கொண்டதை முழுக்கச் சாப்பிட்டேன். கறிவேப்பிலையைக்கூட மென்றேன். பிறகு இலையின் ஓரங்களைத் தூக்கினேன். நீங்கள் செய்தபோது எவ்வளவு எளிதாகத் தெரிந்தது! இலை நரம்போடு கிழியப் பார்த்தது. தண்ணீர் விட்டு, விரலால் சுற்றிலும் அலம்பி, குடித்தேன். ருசி ஒன்றும் பிரமாதமில்லை. ரசமும் மோரும் இலைக் கசப்பும் கலந்த தண்ணீர்.

மறுபடியும் கைகள் நின்றன. அத்தை என் முழங்கையைப் பிடித்தாள்.

"என்னடீ இது? நீயுமா?"

காது மந்தமானவளுக்குச் சொல்வதால் உரக்கத்தான் சொல்ல வேண்டியிருந்தது. பந்தி முழுக்கக் கேட்டது.

"எங்க ஆத்து வழக்கம், அத்தை."

யாரும் சிரிக்கவில்லை. தம்பி என்னைப் பார்த்தான், கீழே பார்த்தான். ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல், பரிமாறுகிறவரிடம் இந்தப் பக்கம் வெற்றிலை கொண்டுவரச் சொன்னான்.

அதைத்தான் உங்களிடம் சொல்ல உட்கார்ந்தேன். புண்ணியத்துக்காகச் செய்யவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இனி எங்கே இலை போட்டாலும் அலம்பிக் குடிப்பேன். உள்ளே தனியாகப் போட்டாலும் சரி, கூப்பிடாமலே இருந்தாலும் சரி. ஆனால் பல வண்ணச் சோப்பில் முகம் கழுவ மாட்டேன். விசிறியை நிறுத்த மாட்டேன். கூடத்து விளக்கு விடியும்வரை எரியட்டும். அதுவும் நம் வீட்டு வழக்கம்தான்.