நான்காம் எண்ணும் ஆறாம் எண்ணும்

பிப்ரவரி 16, திங்கள்

அச்சகத்துக் கழிவறை ஜன்னலுக்கு வெளியே, துணி காயப்போடும் கம்பியில் ஒரு கந்தல் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் வந்த குப்பை என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால் அதில் எங்கள் காகிதம். சனிக்கிழமை நான் மடித்த சோப்பு உறையின் பச்சை ஓரம்.

கட்டைவிரல் அளவில் ஒரு பறவை வந்தது. மஞ்சள் வயிறு, வளைந்த அலகு. அலகில் சிலந்தி நூல். அதைக் கந்தலில் ஒட்டிவிட்டுப் போயிற்று. கந்தல் இல்லை, கூடு.

"உள்ளயே குடித்தனம் வைக்கப் போறியாடி?" என்று மடிப்பு மேசையிலிருந்து சித்தி கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு வந்து உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

கூட்டுக்கு வாசல் வந்துவிட்டது. வாசலுக்கு மேலே மழைச்சாரல் அடிக்காமல் ஒரு சின்னக் கூரைகூட.

வேலை முழுக்க அந்த மஞ்சளுடையதுதான். கறுப்பாக இன்னொன்று தண்ணீர்க் குழாய் மேல் உட்கார்ந்து பாடுகிறது, மேஸ்திரி மாதிரி. வெயிலில் திரும்பினால் அது கறுப்பே இல்லை. மை டப்பாவைத் திறந்ததும் மேலே மினுங்குமே, அந்த ஊதா.

பிப்ரவரி 27, வெள்ளி

மஞ்சள் உள்ளேயே இருக்கிறாள். அலகு மட்டும் வாசலில் தெரிகிறது. மேஸ்திரி பாட்டை நிறுத்தவில்லை.

மார்ச் 12, வியாழன்

இரண்டு வாய்! உள்ளே ஆரஞ்சு நிறம்.

மேஸ்திரியைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். அவனும் புழு கொண்டு வருகிறான். அவள் போனதும் அவன், அவன் போனதும் அவள்.

கழிவறையிலிருந்து வெளியே வரும்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேன் போல. மெஷின் ஓட்டும் அண்ணன் பார்த்துவிட்டார். "ஊமைக்குயில் சிரிக்குது, மழை வரும்" என்றார். அவர் எனக்கு வைத்த பெயர் அது. இங்கே சேர்ந்து ஒன்றரை வருடத்தில் அவரிடம் நான் பேசியது மொத்தம் நாலு வார்த்தை இருக்கும்.

மார்ச் 17, செவ்வாய்

பெரிய வேலை வந்திருக்கிறது. முதலாளியம்மாவின் செருப்புச் சத்தமே இன்று வேறாக இருந்தது.

எங்கள் சின்ன நாட்டுக்கு இதுவரை தேசியப் பறவையே இல்லை, இப்போது தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். தோட்டத்திலும் தெருவிலும் பார்க்கிற பறவைகளின் பெயரை எழுதி அனுப்புங்கள் என்று முதலில் மக்களிடம் கேட்டார்களாம். அதிகம் வந்த ஆறு பெயரை எடுத்து, படம் போட்டு, வீட்டுக்கு ஓர் அட்டை. பிடித்ததற்கு நேரே ஒரு கோடு போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். அத்தனை அட்டையும் நாங்கள்தான் அடிக்கிறோம்.

மாதிரித் தாளைப் பலகையில் குத்தியிருந்தார்கள். கழுகு, மீன்கொத்தி, மைனா. நாலாவது கருந்தேன்சிட்டு. ஐந்தாவது கொண்டலாத்தி. ஆறாவது மஞ்சள்சிட்டு.

ஆறாவதைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. இது நம்ம கம்பிக்காரி. நாலாவது அவள் வீட்டுக்காரன்.

ஒரே பறவை. ஆண் ஒரு கட்டத்தில், பெண் ஒரு கட்டத்தில். பார்த்தவர்கள் ஆளுக்கொரு பெயர் எழுதி அனுப்பியிருப்பார்கள், வாங்கியவர்கள் அப்படியே இரண்டு பறவையாக்கிவிட்டார்கள். இப்போது இந்தச் சிட்டைப் பிடித்தவர்களில் பாதிப் பேர் அவனுக்குப் போடுவார்கள், பாதிப் பேர் அவளுக்கு. கழுகு சும்மா உட்கார்ந்தபடியே ஜெயித்துவிடும்.

இந்தத் தேர்வை நடத்துகிற பெரிய அலுவலகத்தில் இது யாருக்குமா தெரியாது? நான் படித்ததே எட்டாவது. அதுவும் முழுசாக இல்லை.

மார்ச் 18, புதன்

பலகைக்குப் பக்கத்தில் நூலில் கட்டிய சிவப்புப் பென்சில் தொங்குகிறது. முதலாளியம்மாவின் சட்டம்: தாளில் தப்பு கண்டால் யார் வேண்டுமானாலும், கூட்டிப் பெருக்குகிறவர்கூட, வட்டம் போடலாம். அந்த வட்டத்துக்குப் பதில் சொல்லாமல் மெஷின் ஓடக் கூடாது. ஆனால் போட்டவர் பக்கத்தில் தன் முதலெழுத்தை எழுத வேண்டும். நான் அந்தப் பென்சிலைத் தொட்டதே இல்லை.

பிழை பார்க்கும் கமா சார் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒவ்வொரு கமாவிலும் நின்று மூச்சு விட்டுத்தான் படிப்பார், அதனால் அந்தப் பெயர். படங்களை அவர் பார்ப்பதே இல்லை. "நம்ம வேலை எழுத்து. பறவை தன்னைத் தானே பாத்துக்கும்" என்பார்.

மத்தியானம் சித்தியின் காதில் சொன்னேன். "அது ரெண்டும் ஒண்ணு சித்தி."

"எது ரெண்டும்?"

கையை நீட்டிக் காட்டினேன்.

"வலிய வந்த சீதேவியை எட்டி உதைக்காத. உன்னை இங்க சேர்த்துவிட்டது நான். எம்பேரையும் சேர்த்துக் கெடுக்காத."

சித்தி சொல்வதும் நியாயம்தான். வேலை நின்றால் முதல் கேள்வி அவளிடம்தான் வரும்.

ஆனாலும் எல்லோரும் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது நான் பின்தங்கினேன். நாலைச் சுற்றி ஒரு வட்டம். ஆறைச் சுற்றி ஒரு வட்டம். நடுவில் ஒரு கோடு. முதலெழுத்து போடவில்லை. பஸ் நிறுத்தம்வரை ஓடினேன்.

மார்ச் 19, வியாழன்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளை நானே நம்ப மாட்டேன்.

போகும்போதே மெஷின் நின்றிருந்தது. அதன் முன்னால் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "யாருப்பா இது? ரெண்டு வட்டம், ஒரு கோடு. சைக்கிள் படம் போட்டுப் பழகியிருக்கீங்களா?"

"எழுத்துல பிழை கிடையாது. நான் மூணு தடவை பாத்தேன்" என்றார் கமா சார்.

முதலாளியம்மா வந்து தாளையே பார்த்தார். "போட்டது யாரு?"

சித்தி என்னைப் பார்க்கவில்லை, என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தாள்.

"முதலெழுத்து இல்லாத வட்டம் செல்லாது. அழிச்சிட்டு ஓட்டுங்க."

அண்ணன் அழிரப்பரை எடுத்தார்.

எட்டாவது படிக்கும்போது ஒருநாள் பள்ளியில் பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள். எழுந்தேன். முதல் எழுத்தே வரவில்லை. மணி அடிக்கும்வரை நின்றேன். மறுநாள் வயிற்றுவலி என்றேன், அதற்கு மறுநாளும். அப்படியே பள்ளியே போய்விட்டது. ரப்பர் தாளைத் தொடப் போனபோது அந்த மணிச் சத்தம் கேட்டது, நிஜமாகவே.

என் கால்தான் முதலில் நடந்தது, நான் பின்னால் போனேன். பென்சிலைப் பிடித்து என் முதலெழுத்தைப் போட்டேன். அழுத்தியதில் முனை உடைந்தது.

"ஊமைக்குயிலா?" அண்ணன் ரப்பரைக் கீழே வைத்துவிட்டார்.

"சொல்லும்மா, என்ன தப்பு?" என்றார் முதலாளியம்மா.

வாய் திறந்தேன். வரவில்லை. அதே பழைய பூட்டு. அதனால் கழிவறைப் பக்கம் கையைக் காட்டினேன். அப்போது வந்த சிரிப்பை எழுத விரும்பவில்லை.

முதலாளியம்மா மட்டும் சிரிக்கவில்லை. வந்தார். அவர் பின்னால் எல்லோரும் வந்தார்கள். ஆறு பேர் ஒரு கழிவறை வாசலில். கம்பியில் கூடு ஆடிக்கொண்டிருந்தது. பறவையைக் காணோம். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். வாடீ, வாடீ என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"மெஷின் ஆறிப் போகுது மேடம்" என்றார் அண்ணன்.

அப்போது வந்தாள். மஞ்சள் வயிறு தெரியக் கூட்டில் தொங்கி, ஒரு வாய்க்குள் புழுவை வைத்துவிட்டுப் போனாள்.

"ஆறாம் நம்பர்" என்றார் கமா சார் மெதுவாக.

அவள் போன இடம் காலியாவதற்குள் அவன் வந்தான். ஊதா மினுக்கத்தோடு, அதே கூட்டில், அதே வாயில்.

"நாலாம் நம்பர்" என்றேன். நான்தான். என் குரல் இப்படித்தான் இருக்குமா? "இவன் ஆண். அவ பொண்ணு. ஒரே குடும்பம். அட்டையில பிரிச்சு வச்சிருக்கோம். பிரிச்சு வச்சா ரெண்டு பேருமே தோத்துடுவாங்க."

அண்ணன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடப்பாவி, பொண்டாட்டியை எதிர்த்தே போட்டி போட இருந்தானா?"

முதலாளியம்மா அங்கிருந்தபடியே தேர்வு அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

மார்ச் 20, வெள்ளி

தேர்வு அதிகாரி வந்தார். வெள்ளைச் சட்டை, தோல் பை. எங்கள் கழிவறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தார். வேறு யாரோ நிபுணரிடமும் போனில் கேட்டுக்கொண்டார்.

"இது எங்க கண்ணுல எப்படிம்மா படாம போச்சு?" என்று என்னிடம் கேட்டார்.

"நீங்க அட்டையைப் பாத்தீங்க சார். நான் ஜன்னலைப் பாத்தேன்."

சித்தி என் முதுகில் கிள்ளினாள். ஆனால் அது வலிக்கிற கிள்ளல் இல்லை.

மார்ச் 23, திங்கள்

புதுத் தாள். ஐந்து கட்டம். நாலாவதில் இரண்டு பேரும் ஒரே கிளையில். கீழே "தேன்சிட்டு: ஆணும் பெண்ணும்". பகல் முழுக்க மெஷின் ஓடியது. ஆயிரம் ஆயிரமாக மடித்தேன். விரல் எரிந்தது. எரியட்டும்.

மார்ச் 28, சனி

குஞ்சுகள் பறந்துவிட்டன. ஒன்று முதலில் கழிவறை ஜன்னல் கம்பியில் மோதி, என்னைப் பார்த்துவிட்டு, பிறகுதான் போயிற்று.

ஏப்ரல் 6, திங்கள்

எங்கள் வீட்டுக்கும் அட்டை வந்தது. அப்பா கோடு போடப் போனார். "கொடுங்கப்பா" என்று வாங்கிக்கொண்டேன்.

மே 4, திங்கள்

மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் ரேடியோவைச் சுற்றி நின்றோம். கீழிருந்து மேலாகச் சொன்னார்கள். கொண்டலாத்தி. மைனா. மீன்கொத்தி. இரண்டாவது இடம் என்று சொல்லிவிட்டு அந்த ஆள் ஒரு இருமல் இருமினான் பாருங்கள், கமா சாருக்கு உயிரே போய்விட்டது. பிறகு சொன்னான்: கழுகு.

சித்தி என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் சேலையெல்லாம் பசை வாசனை. முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் இனி சொல்வாளாம், "இவளை இங்க சேர்த்துவிட்டதே நான்தான்."

"குயிலு, உன் ஆளு ஜெயிச்சிட்டான்" என்றார் அண்ணன். ஊமை எப்போது கழன்று விழுந்தது என்று தெரியவில்லை.

"ஆளு இல்லண்ணா. ரெண்டு பேரு."

மே 14, வியாழன்

அரசு அலுவலகங்களில் மாட்டுவதற்குத் தேசியப் பறவையின் படம் அச்சுக்கு வந்திருக்கிறது. மாதிரித் தாள் பலகையில். நல்ல தாள், நல்ல ஊதா. நீளமான ஒரு கிளை, அதில் இடது ஓரத்தில் அவன் மட்டும். வலது பக்கம் கிளை காலி. எழுத்து எல்லாம் சரி என்று கமா சார் கையெழுத்துப் போட்டிருந்தார். மெஷினில் மை ஊற்றியாகிவிட்டது. எல்லோரும் இருந்தார்கள்.

பென்சிலை எடுத்தேன். காலியான கிளையைச் சுற்றிப் பெரிதாக ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் என் முழுப் பெயரையும் எழுதினேன்.